இரண்டரை விரல்

மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி
வாய்க்குள் விடச் சொன்னார்
பள்ளிக்கூட முகாமுக்கு வந்த பல் டாக்டர்.
இரண்டு போனது.
மூன்றாவது, பாதியில்
உதட்டோடு நின்றுகொண்டது.

'பாசி பறிக்கிற கை டாக்டர்,
விரல் தடிமன்' என்றேன்.
பார்க்கல்லு கிழித்துக் கிழித்துக்
காய்த்துப்போன விரல்தான், பொய்யில்லை.
அவர் சிரிக்கவில்லை.
குச்சிக் கண்ணாடியைக் கன்னத்துக்குள் சாய்த்து
என்னையே பார்க்கச் சொன்னார்.
இடது பக்கம்,
பொகையிலை அடக்குகிற அதே பள்ளத்தில்
உப்புப் பூத்ததுபோல் ஒரு வெள்ளைத் திட்டு.

'திரும்பத் திறக்குமா?'
'திறக்கிறது கஷ்டம்.
விட்டீங்கன்னா, இதுக்கு மேல மூடாது.'

பத்தொன்பது வருஷம்.
முதல் முங்கு முங்கி எழுந்து
பல் கிடுகிடுத்து வள்ளத்தில் கிடந்தபோது
சேதுராக்குதான் ஒரு கிள்ளு கொடுத்தாள்.
'அடக்கிக்க, குளிரு தெரியாது.'
தெரியவில்லை.
பசி தெரியவில்லை.
வனத்துறை போட்டு சத்தம் கேட்டால்
அடிவயிறு கலங்குமே, அதுவும் தெரியவில்லை.

இப்போது எல்லாம் தெரிகிறது.

அமாவாசைக்கு மறுநாள் விட்டேன்.
தண்ணீர் வற்றிக் கிடந்தது, நல்ல பாடு.
பன்னிரண்டு பேர் வள்ளத்தில்
சம்படத்து மூடி கை மாறி வருகிறது.
என் மடிக்கு வந்ததும் அடுத்தவளுக்குத் தள்ளினேன்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
டீசல் பங்கு தர மறுத்தவளைப் பார்ப்பதுபோல்
ஒரு பார்வை மட்டும்.

கன்னப் பள்ளம் சும்மா இருக்காது.
ஒரு புளியங்கொட்டையைப் போட்டு அடைத்தேன்.
அது பேசாமல் கிடந்தது;
நான்தான்
அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி
தலைவலியோடு
மரிக்கொழுந்துப் பாசிக்குப் பதிலாகக்
கட்டக்கோரையைப் பறித்துச் சாக்கில் போட்டேன்.

நாலாம் நாள் மகனிடம் எரிந்து விழுந்தேன்.
ஐந்தாம் நாள் கோழியிடம்.
ஏழாம் நாள் ராத்திரி
கூரை இடுக்கு, அரிசிப் பானை, பழைய கண்ணாடி உறை
என்று தேடித்தேடி
எனக்கு நானே ஒளித்து வைத்ததை
எனக்கு நானே கண்டுபிடித்தேன்.
போடவில்லை.
மோந்து பார்த்தேன்.
அது ஒன்றும் குறைச்சலான பாவமில்லை.

பதினோராம் நாள் போட்டேன்.
ஆமாம், போட்டேன்.
தீவுக்கு இந்தப் பக்கம், கழுத்தளவுத் தண்ணீரில்,
நம்புவள்ளி துப்பப் போனதை வாங்கி.
எச்சில் என்றுகூடத் தோன்றவில்லை.
ரெண்டு முங்கு இனித்தது.
மூன்றாம் முங்கில் தலை சுற்றியது,
மேலே வந்து உமிழ்ந்தேன்.
பழுப்பாய் ஒரு கணவாய் மைபோல்
அது என்னைச் சுற்றிக் கலைந்தது.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்.
எண்ணத் தெரியும், அதில் வெட்கமில்லை.

நேற்று நகரைக் குழம்பு வைத்தேன்.
ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டேன்.
'உப்பு அள்ளிப் போட்டுட்டேன்டா,
சாப்பிடாத, ரசம் வைக்கிறேன்.'
தட்டிலிருந்து தலை தூக்காமல் மகன் சொன்னான்:
'எப்பவும் போலத்தானம்மா இருக்கு.'

எப்பவும் போல.
அவன் பிறந்து பதினாறு வருஷம்.
பக்கத்தில் அவன் அப்பாவும்
பிசைந்து பிசைந்து தின்றுகொண்டிருந்தார்,
ஒரு சொல் இல்லாமல்.
எழுந்துபோய்
குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

விடியற்காலை, படித்துறை இருட்டில்
விரல்களுக்குத் துணி சுற்றுகிறோம்.
சுற்றுவதற்கு முன்
ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.
இரண்டரை.
நேற்றும் இரண்டரை.
சேதுராக்கு ஓரக்கண்ணால் பார்க்கிறாள்,
பார்க்காததுபோல்
தன் விரலை எண்ணிக்கொள்கிறாள்.

துணி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்குகிறேன்.
காலில் தகரத்தைக் கட்டுகிறேன்.
கண்ணாடியை இறக்கி
வாய் திறந்த மட்டும் திறந்து
மூச்சை உள்ளே இழுக்கிறேன்.
பாசி நாறுகிறது.
இத்தனை நாற்றத்திலா
இத்தனை வருஷம் இருந்தோம் என்று
சொல்ல வாய் எடுத்து,
சொல்லாமல் முங்குகிறேன்.