முளைப்புத் திறன்

பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டி
நிலாவெளி தாண்டிக் குச்சவெளியில் இறங்கினேன்.
காக்கிக் காற்சட்டை, சுருட்டிய துணிப்படங்கள்,
குண்டசாலையில் படித்த செம்மண் பாடங்கள்.
இங்கே மண் வெள்ளை.
அள்ளினால் கைக்குள் நில்லாது,
சப்பாத்துக்குள் மட்டும் நிற்கும்.

பள்ளிக்கூட வேம்பில் படத்தை மாட்டினேன்.
வீட்டுக்கொரு மரக்கறித் தோட்டம்.
பாத்தி மூன்றடி, இடைவெளி ஒன்றரை.
பெண்கள் வந்தார்கள், இடுப்பில் பிள்ளைகளோடு.
ஆண்கள் கரையில் வலை பொத்தினார்கள்.
ஒருத்தி கேட்டாள்:
"படத்தில இருக்கிற தக்காளி
எங்கட கிணத்துத் தண்ணியக் குடிச்சதோ?"
அதற்குப் படத்தில் பதில் இல்லை.

பதினான்கு வீடுகளுக்குப் பயிற்றை விதை,
வீட்டுக்கு ஒரு சுண்டு.
பதிவேட்டில் பதினான்கு கைநாட்டு.

மூன்று கிழமை கழித்துப் போனேன்.
எங்கும் பாத்தி இருந்தது,
நூல் பிடித்தாற்போல நேராக.
பயிற்றைதான் இல்லை.
மயில் கொத்திப் போட்டுதாம்.
எறும்பு இழுத்துப் போனதாம்.
றகுமத்தும்மா வீட்டில் முதலில் ஆடு,
நான் ஆட்டைத் தேடவும், ஜின்.
பூரணம் மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:
"வாடை பெயர்ந்து ஒன்பது நாள்
தோணி இறங்கல்ல ஐயா.
அவிச்சிட்டம்.
நல்ல விதை. கெதியா வெந்துது."

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு:
முளைப்புத் திறன், நூற்றுக்கு எத்தனை?
பேனையைத் திறந்தேன், மூடினேன்,
திறந்தேன்.
"மழை அதிகம்" என்று எழுதினேன்.

மறுமுறை கொண்டுபோனது கத்தரி விதை.
கடுகிலும் பொடி.
அவிக்க ஏலாது, வறுக்க ஏலாது.
பூரணம் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள்,
பக்கத்தில் நின்றவளுக்குக் காட்டினாள்,
"ஐயா படிச்சிட்டார்" என்றாள்.
அன்று சிரித்தது பதினான்கு வீடும்.

பிறகு சாம்பல், மீன் அலசிய நீர்,
கிழிந்த வலையால் சுற்றுவேலி,
ஆட்டுக்கும் ஜின்னுக்கும் சேர்த்து.

பங்குனியில் ஒருநாள்
பஸ் கொண்டக்டர் கந்தோர் மேசையில்
ஓலைப் பை ஒன்றை வைத்துப் போனான்.
கருவாட்டு மணத்தோடு நான்கு கத்தரிக்காய்.
ஒன்றில் சின்னத் துளை.
காய்துளைப்பான் பற்றி என்னிடம்
அரை மணிநேரப் பேச்சு இருக்கிறது,
வர்ணப் படமும் இருக்கிறது.

இரவு, வாடகை அறையில்,
புழுவை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு
மிச்சத்தைத் தேங்காய்ப்பாலில் வைத்தேன்.
படத்தை
அடுத்த கிழமை மாட்டலாம்.