தேய்மானம்

மழை விட்ட மறுநாள்தான் எனக்கு வேலை அதிகம்.
மகாடி சாலையை ஒட்டிய வேலிக்குள்
வெள்ளைமண் கரைந்து
எது புதிதாகத் தலைகாட்டினாலும்
தொடக்கூடாது.
குச்சி நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி,
பேரேட்டில் எழுதி,
நைரோபிக்குப் போன் போடவேண்டும்.
எலும்பென்றாலும் இதேதான். போன வருஷம்
ஒரு யானைத் தாடை
ரிப்பனோடு நாலு மாதம் கிடந்தது
ஜீப்புக்கு டீசல் இல்லையென்று.

அன்று ஏழு கட்டிவிட்டேன்.
எட்டாவது, எரிமலைக் கண்ணாடிச் சில்லு.
கறுப்பு. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது.
மூன்று லட்சம் வருஷம் என்று
வாசல் பலகை சொல்லும் வகை.

குனிந்தபோது கேட்டது அந்த முனகல்.

கம்பி அறுந்த இடம் வழியாக வந்து
சிரோங்காவின் ஆடு ஈன்றிருந்தது,
யானைத் தாடை இருந்த குழியிலேயே.
குட்டியின் பனிக்குடம் உடையவில்லை.
உள்ளே வாய் திறந்து திறந்து மூடியது.
என் நகம் வழுக்கியது. பல்லால் கடித்தேன், வழுக்கியது.
தாய் எழக்கூட இல்லை.

காவலாளி உள்ளே கத்தி கொண்டுவரக்கூடாது
என்பதும் ஒரு விதி.
சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கத்திகள்,
எண் எழுதி, கயிறு கட்டி.

எட்டாவதை எடுத்தேன்.

அறுத்தது.
அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.
குட்டி தும்மியது.

சில்லு கிடந்த அச்சு ஈரமண்ணில் அப்படியே இருந்தது.
சால்வை நுனியில் துடைத்து
அதே முகம் மேலாக, அதே முனை வடக்காக
வைத்தேன். ரிப்பன் கட்டினேன்.
பேரேட்டில் எழுதினேன்:
"எட்டு. கிடந்தது கிடந்தபடி. நசியெக்கு."

மூன்று வாரம் கழித்து வாண்டேரா வந்தார்,
மண்டியிட்டு, கண்ணில் லென்ஸ் வைத்து.
ஏழையும் சீக்கிரம் முடித்தார்.
எட்டில் நின்றுவிட்டார்.

"விளிம்பைப் பாருங்கள். பயன்படுத்தியிருக்கிறார்கள்.
மெல்லிய தோல் ஏதோ."
"இருக்கும்" என்றேன்.
"பொறுமையான கை" என்றார்.
"இல்லை, அவசரத்தில் இருந்திருக்கிறாள்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
வேலிக்கு அந்தப் பக்கம்
குட்டி அவருடைய ஜீப் டயரை முட்டிக்கொண்டிருந்தது.
பிறகு பேனாவைத் திறந்து
குறிப்பேட்டில்
"யாரோ" என்று மட்டும் எழுதிக்கொண்டார்.