நடத்தைப் பட்டியல்

ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் பிறந்ததும்,
படைப்பிரிவின் அதிகாரிகள் அத்தனை பேரையும்
ஆளுக்கு இரண்டு வரியில் அடைத்து
பெர்லினுக்கு அனுப்புவோம்.
சொல்வது கர்னல். எழுதுவது நான்.
என் வாத்திறகுக்கு அஞ்சாத வாள்
அந்தப் பாசறையில் இல்லை.

வீகாண்ட் ஃபான் ஷ்மோலின்.
பொமரேனியாவில் மணல் மட்டுமே விளையும் நிலம்,
ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது.
பதின்மூன்று வயதில் வந்து சேர்ந்தபோது
கொடிக்கம்பம்தான் அவனைத் தூக்கி நடந்ததாம்.
எனக்கு முன்னிருந்த எழுத்தர் குறித்திருந்தார்:
"வளரக்கூடும்."

அடுத்து வந்ததெல்லாம் என் கையெழுத்து.
"குடிப்பதில்லை."
"சீட்டில் தோற்கிறார், முகம் சுளிப்பதில்லை."
"குதிரையேற்றம் சுமார்."
"பிரம்பை ஓங்குகிறார்,
இறக்கத் தாமதிக்கிறார்."
இந்தக் கடைசிக் குறை
பத்தொன்பது டிசம்பர்களுக்கு மாறவே இல்லை;
சில வருடம் அவரைக் கேட்காமலே
பழைய தாளைப் பார்த்து எழுதிவிட்டேன்.

சிபில்லா என்றொரு பெண்.
பீர் வடிப்பவரின் மகள்.
அதிகாரி மணம் முடிக்க
மன்னரின் அனுமதி வேண்டும்.
மூன்று முறை விண்ணப்பம், மூன்றும் என் வழியே போயின.
மூன்று முறையும் ஒரே பதில்:
குலம் போதாது, கையிருப்பும் போதாது.
மூன்றாவது கடிதத்தை மடித்து
பூட்ஸுக்குள் வைத்துக்கொண்டார்,
கசிகிற இடத்துக்கு.

கேப்டன் ஆனார்.
விடுப்பில் போன சிப்பாயின் சம்பளம்
கேப்டன் பைக்குள் விழுவது அன்றைய வழக்கம்;
அதில் மாளிகை எழுப்பியவர்கள் உண்டு.
இவர் காவல் கொட்டகைக்கு விறகு வாங்கினார்.
கர்னல் சிரித்துக்கொண்டே சொன்னார்,
நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன்:
"கணக்குத் தெரியாதவர்."

பிறகு அந்த இலையுதிர்காலம்.
யெனாவில் தோற்ற சேதி
எங்களைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.
ஓடர் நதியில் ஒரு மரப்பாலம்.
வைக்கோல் பரப்பி, தார் ஊற்றி,
தீப்பந்தத்தை ஷ்மோலின் கையில் கொடுத்தார்கள்.
கடைசி பீரங்கி கடந்ததும் கொளுத்த வேண்டும்.
கடந்தது.
அதன் பின்னால் வண்டிகள்.
வாத்துக்கூண்டு சுமந்த ஒருத்தி.
சுவர்க் கடிகாரத்தைக் குழந்தைபோல் அணைத்த ஒருவன்.
கட்டுப்போட்ட கால்கள், கட்டுப்போடாத கால்கள்.
ஓங்கிய பந்தம் ஓங்கியபடியே இருந்தது.

எதிர்க்கரையில் பிரெஞ்சுக் குதிரைகளின் குளம்பொலி.

விசாரணைக் குழு ஒவ்வோர் அதிகாரியையும் கேட்டது:
எப்படிச் சிறைப்பட்டீர், எழுதித் தாரும்.
இருபது தாள், முப்பது தாள் வந்தன.
மழை, மேலதிகாரி, நனைந்த வெடிமருந்து என்று
குற்றவாளிகளுக்குப் பஞ்சமில்லை.
அவரிடமிருந்து வந்தது ஒரே வரி:
"பாலத்தின் மேல் ஆட்கள் இருந்தார்கள்."

பதவி போயிற்று. ஓய்வூதியம் இல்லை.
ஆணையைப் படித்தவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
"இனி நான் யாரிடமும்
அனுமதி கேட்க வேண்டியதில்லை, அப்படித்தானே?"
விதியேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
வேண்டியதில்லை.

நாற்பத்தெட்டு வயது மாப்பிள்ளை.
மணமகளுக்கு ஒரு பல் போயிருந்தது, சிரிக்கையில் தெரிந்தது.
நீலச் சட்டையை அவள் வால்நட் தோலில் ஊறவைத்து
பழுப்பாக்கினாள்.
தையலோரங்களில் மட்டும் நீலம் விடவில்லை.

இப்போது நகரத்து உப்புக் கிடங்கில் எடை போடுகிறார்.
தராசு முள் அசைவற்று நிற்கும்வரை
கையை எடுக்கமாட்டார்.
வரிசை நீளும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்,
இந்தக் கிழவன் எதிலும் தாமதம் என்று.

நான் முணுமுணுத்ததில்லை.
பட்டியல் பெட்டியைத் தோளில் சுமந்து
அன்று அந்தப் பாலத்தில்
வாத்துக்கூண்டுக்காரிக்கு நாலடி பின்னால்
வந்துகொண்டிருந்தவன் நான்.