வெற்றுக் குழி

பதினொன்றே காலுக்கு மின்சாரம் வந்தது.
முப்பத்தேழு பாகையில் பெட்டி மறுபடி முனகத் தொடங்க,
தொண்ணூற்றாறு குழிகளையும் எண்ணிப் பார்த்தேன்
யாரோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்பதுபோல.

பேராதனையில் மழை. பாலத்தடியில் மகாவலி பழுப்பு.
இங்கே, ஒரு துளிக்குள், வைரசின் நொதியம்:
நகலைப் பார்த்து மூலத்தை எழுதுகிற
திருட்டு எழுத்தன்.
அவனை நான் கண்டதில்லை.
எவ்வளவு எழுதினான் என்பதைத்தான்
நிறமாக்கி அளக்கிறேன்.

எழுதிய இடத்தில் போய் ஒட்டும் பிறபொருளெதிரி
எங்கோ ஒரு செம்மறியாட்டின் இரத்தத்தில் விளைந்து
பனிக்கட்டிப் பெட்டியில் வந்தது.
அதன் வாலில் முள்ளங்கி இனத்து வேரின் நொதியம்.
"நுவரெலியா முள்ளங்கி சரிவராதா?" என்கிறாள் இனோக்கா.
இவ்வளவு விலைக்கு விற்காது என்றேன்.

ஐந்து தரம் கழுவு.
தட்டைக் கவிழ்த்துத் தாளில் அடி.
ஒட்டாதது போகட்டும்.

தொலைபேசியில் அக்காவின் படம். தராசுச் சீட்டு.
கிருபாலீலா, இருபத்திரண்டு கிலோ.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு.
பத்தொன்பது.
'நீயும் அங்க எதையாச்சும் கழிப்பியா?'

கழிப்பேன் அக்கா.
முதல் வரிசையில் யாருடைய இரத்தமும் படாத
குழிகள் இரண்டு வைத்திருக்கிறேன்.
அவற்றிலும் ஒரு சாயல் ஏறும்.
தட்டின் குற்றம், தண்ணீரின் குற்றம், என் கையின் குற்றம்.
அதை எல்லாரிடமிருந்தும் கழிப்பேன்.
அளந்துவிட்டுத்தான் கழிப்பேன்.
உன் வெறும் சாக்கை
எவன் ஒருநாள் தராசில் போட்டான்?

நீலம் பரவுகிறது, சில குழிகளில் வெட்கப்பட்டு,
சிலவற்றில் மை கொட்டியதுபோல.
அமிலம் இட்டதும் எல்லாம் மஞ்சள்.
எந்திரம் ஒவ்வொன்றாய் எட்டிப் பார்த்து
எண்களைத் துப்புகிறது.

பதினேழாம் இலக்கம்,
ஆறு வாரமாக மாத்திரை விழுங்கும் யாரோ,
கழித்த பிறகு பூச்சியத்துக்கும் கீழே நிற்கிறார்.
ஒன்றுமில்லாததைவிடக் குறைவு!
மறுபடி பார்த்தேன். அதே எண்.
படிவத்தில் இரண்டே கட்டங்கள்: உண்டு, இல்லை.
இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்:
கண்டறியும் எல்லைக்குக் கீழே.
இல்லை என்று சொல்ல
என்னிடம் கருவி இல்லை.

கையுறையைக் கழற்றி அக்காவுக்குத் தட்டினேன்:
'நாளைக்கு வெறும் சாக்கத் தராசுல போடச் சொல்லு.
மழையில நனைஞ்சது ஒன்னு, காஞ்சது ஒன்னு.
ரெண்டையும் ரெண்டு தரம் போடு.
எழுதி வச்சுக்க.'