நடுவில் நிற்காத முள்

கம்பெனி வைத்துத் தந்த முள்
எப்போதும் நடுவில்தான் நிற்கும்.
மேடோ பள்ளமோ, வெறும் வண்டியோ,
பின்னால் அறுபத்து நாலு தேன்பெட்டியோ
அதற்கு எல்லாம் ஒன்றுதான்.
போன ஜனவரியில்
மொனைடா ஏற்றத்தில்
கியர்பெட்டி தன் எண்ணெயைத் தானே வறுத்துச்
செத்தபோதும்
நடுவில் நின்றபடி
சௌக்கியம் என்றது.

ஆர்டிஸ் அதை மன்னிக்கவில்லை.
இழுத்துப்போக வந்தவன் கேட்ட பணத்தைவிட
அந்தப் பொய்தான் அவளை உறுத்தியது.

டிசம்பர் கடைசி, வடக்கு டகோட்டா.
கொட்டகைக்குள்ளேயே மூச்சு புகைகிறது.
மண்ணெண்ணெய் ஹீட்டர்
முழங்காலை மட்டும் சுட்டுவிட்டு
மற்றதைக் குளிருக்கு விட்டுவிடுகிறது.
நான் டார்ச் பிடிக்கிறேன்.
கல்யாணமாகி இருபத்தாறு வருடம்,
டார்ச் பிடிப்பதில் இன்னும் தேறவில்லை.
"நீ பார்க்கிற இடத்தில் இல்லை,
நான் பார்க்கிற இடத்தில் காட்டு."

மேனிஃபோல்டில் துளை போட வேண்டும்.
வார்ப்பிரும்பு.
ஒரு துருவல் உள்ளே விழுந்தாலும்
டர்போ அதை மெல்லும்,
பிறகு தன் பல்லையே மெல்லும்.
லோவெல் இரவல் தந்த டிரில்லின் நுனியில்
ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் தாராளத்தோடு
கிரீஸ் தடவினாள்.
எட்டுச் சுற்று. வெளியே எடு. துடை.
எட்டுச் சுற்று. வெளியே எடு. துடை.
காந்தத்தை விட்டுத் துழாவு.
பிறகு மரை:
அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே,
கோபித்துக்கொண்டவரிடம் பேசப் போகிற மாதிரி.

கண்ணாடியோரத் தூணின் பிளாஸ்டிக் தோலை உரித்து
மூன்று குழியுள்ள புதுத் தோல் மாட்டினோம்.
ரப்பர் அடைப்பைக் குத்தி
கோட் மாட்டும் கம்பியை நீட்டி
எஞ்சின் பக்கமிருந்து அவள் தள்ள,
பெடலுக்கடியில் மல்லாந்து கிடந்து நான் இழுக்க,
விளக்குக்கான ஒயரைத் தொட்டதும்
சின்னதாய் ஒரு 'டப்'.
டாஷ்போர்டு மொத்தமும் இருட்டு.
பத்து ஆம்பியர் ஃபியூஸ்.
அரை மணி நேரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சாவியைத் திருப்பினாள்.
மூன்று முட்களும் ஒரு வட்டம் ஓடிப்போய்
திரும்பி வந்து பூஜ்யத்தில் உட்கார்ந்தன.
ஆர்டிஸ் சிரித்தாள்.
பழைய முள்ளின் மேல்
கறுப்பு டேப் ஒட்டினாள்.

ஜனவரி. அதே ஏற்றம்.
கலிபோர்னியாவின் பாதாம் மரங்கள்
எங்கள் ஈக்களுக்காகக் காத்திருக்கின்றன.
புகைச்சூடு தொள்ளாயிரம்.
ஆயிரத்து ஐம்பது.
தெரியாமல் இருந்த வருடங்களில்
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே
இந்த மலையை ஏறினோம்.
இப்போது பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறது.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்களே,
அதை எண்ணாகப் பார்க்கிறோம்.
ஆயிரத்து இருநூறு.
ஆயிரத்து இருநூற்று ஐம்பது.
அவள் காலைத் தளர்த்தி
கியரைக் கீழே தள்ளினாள்.
மரம் ஏற்றிய லாரி ஒன்று
பனிச்சேற்றை வாரி இறைத்து முந்திப் போனது.
போகட்டும் என்றாள்.
முள் யோசித்தது.
பிறகு, ஒரு மயிரிழை, இறங்கியது.

உச்சியில் நிறுத்தினாள்.
காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டது.
வலைக்கடியில் கைவிட்டு
கையுறை கழற்றிய உள்ளங்கையை
ஒரு பெட்டியின் மூடியில் வைத்தாள்.
அங்கே முள் கிடையாது.
உள்ளே ஆயிரக்கணக்கில்
ஒன்றையொன்று அணைத்து நடுங்கி
தம் சூட்டைத் தாமே காய்ச்சிக்கொண்டிருக்கும்.
காதையும் வைத்தாள்.
நான் வண்டிக்குள்ளிருந்து பார்த்தேன்;
அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"எப்படி?"
"இருக்கிறார்கள்."

இறக்கத்தில் எழுநூறு, அறுநூறு.
பொட்டலத்தைப் பிரித்தேன்.
ஆனாலும் அவள் கண்
நொடிக்கொருதரம் தூணுக்குப் போய் வந்தது,
தொட்டில் பக்கம் போய் வருவதுபோல.

டேப்பின் ஒரு மூலை
ஹீட்டர் காற்றில் பிரிந்து ஆடியது.
குனிந்து பார்த்தேன்.
நடுவில்.
ஒன்றும் சொல்லாமல்
கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன்.