கையிருப்பு

மஞ்சக்குப்பத்தில் தெருவிளக்குகள் எரியும்போதே கிளம்பிவிடுவோம்.
ஞாயிற்றுக்கிழமை.
பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று எப்போதும் எதிரே வரும்,
திரும்பும்போதும் எதிரே வரும்.

சீட்டுக்கு அடியில் ஒரு பை.
இரண்டு கைப்பிடி அரிசி கொள்ளும்.
அது தொங்குகிறது என்ற தைரியத்தில்தான்
வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் போகிறேன்.
டயர் நெம்ப இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் நாக்குகள்,
ஆலன் சாவிக் கொத்து,
செயின் அறுந்தால் மாட்ட ஒற்றைக் கண்ணி,
உப்புத்தாள், ஒட்டு, சொல்யூஷன்,
முகப்பவுடர் பூசி மடித்த புது ட்யூப் ஒன்று.

பள்ளத்தில் இறங்கினால் பை கிலுகிலுக்கும்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.
இருக்கு இருக்கு இருக்கு என்று
பின்னாலிருந்து யாரோ சொல்லிக்கொண்டே வருவதுபோல.

நஜ்முதீன் ஒன்றும் எடுத்து வரமாட்டான்.
போன், நாலு பேரீச்சம்பழம்.
"பஞ்சர்னா நீங்க இருக்கீங்கல்ல?"
பெர்னதெத் அரியாங்குப்பத்திலிருந்து எதிரே வருவாள்.
சட்டையின் முதுகுப் பக்கம் மூன்று ஜேப்,
மூன்றும் புடைத்திருக்கும், கூன் விழுந்தவள்போல் மிதிப்பாள்.
கன்னியக்கோயிலில் சந்திப்பு, அங்கே டீ.

போன மாதம் முள்ளோடையில்,
புதுச்சேரி தொடங்கும் இடத்தில்,
சனிக்கிழமை ராத்திரி இன்னும் ரோட்டில் உடைந்து கிடந்தது.
பழுப்புக் கண்ணாடி, ஒரு பல் அளவு.
பின்சக்கரம் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

"நல்லவேளை" என்றான் நஜ்முதீன்.
கொஞ்சம் பெருமையோடுதான் பையைத் திறக்கப் போனேன்.
ஜிப் நகரவில்லை.
கடலூர் உப்புக்காற்று அதன் பற்களைத் தின்றிருந்தது.
இழுத்துப் பிய்த்தேன்.
சாவிக் கொத்து துரு கட்டி ஒரே சாவியாகியிருந்தது.
சொல்யூஷனைப் பிதுக்கினேன்,
மூடியைத் திருகாமலே எப்போதோ காய்ந்துபோயிருந்தது.
பரவாயில்லை, புது ட்யூப் இருக்கிறதே.
விரித்து, வாயால் ஊதி, கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஈரமில்லாத ஒரு முத்தம்போல் காற்று பட்டது.
மடிப்பின் மூலையில் ஓட்டை.
அதன்மேலேயே படுத்திருந்தது ஐந்து எம்.எம். சாவி.

பதினோரு மாதம்.
ஒவ்வொரு பள்ளத்திலும், வேகத்தடையிலும்
அது இதைச் சுரண்டிக்கொண்டே வந்திருக்கிறது.
எனக்குப் பிடித்த சத்தம் இதுதான்.

கருவூலத்தில் வேலை பார்க்கிறேன்.
பத்து ரூபாய் முத்திரைத்தாளைக்கூட
மாதக் கடைசியில் எண்ணிக் கையெழுத்துப் போடுகிறவன்.
இதை நஜ்முதீன் சொல்லவில்லை.
சொல்லாமல் பேரீச்சம்பழம் ஒன்று நீட்டினான்.

போன் செய்ததும் பெர்னதெத் வந்தாள்.
இடது ஜேப்பிலிருந்து ட்யூப்,
பழைய சாக்ஸுக்குள் பாம்புக்குட்டிபோல் சுருண்டு.
வலதில் பம்பு.
டயரில் கிழிசல் சுண்டுவிரல் நகம் நுழையும் அளவு.
டீக்கடையில் காலிப் பால் கவர் ஒன்று கேட்டு,
அலசி, நாலாய் மடித்து
உள்பக்கம் அணைவாக வைத்தாள்.
ஒரு வார்த்தை அறிவுரை இல்லை.
காற்றடித்து முடித்து நிமிர்ந்தவள்
"முந்நூத்தி நாப்பது. ஜீபே பண்ணிடுங்க" என்றாள்.
பண்ணினேன். எவ்வளவு நிம்மதி.

அந்தப் பால் கவர் இன்னும் டயருக்குள் இருக்கிறது.
அறுநூறு கிலோமீட்டர் ஓடிவிட்டது.

இப்போது மகளின் ஜோடி தொலைந்த பள்ளிச் சாக்ஸில் ட்யூப்,
இன்னொரு சாக்ஸில் சாவிகள், எண்ணெய் தடவி.
சொல்யூஷன் மூடிமேல் பேனாவால் தேதி.

இன்று பாலத்து இணைப்புகளில்
சக்கரம் ஏறி இறங்குகிறது, ஏறி இறங்குகிறது.
பின்னால் ஒரு சத்தமுமில்லை.
ஒரு கையை விட்டுச் சீட்டுக்கு அடியில் தொடுகிறேன்.
கொஞ்சதூரம் போய் மறுபடி தொடுகிறேன்.

எதிர்காற்றில் நஜ்முதீன் கத்துகிறான்:
"என்னண்ணே, இன்னிக்குப் பை கொண்டாரலையா?"