ஒரு கோட்டுத் தூரம்

பயிற்சிப் படிவத்தின் ஏழாவது கேள்வி:
நாளைய ஆசிரியராக, வகுப்பறையில்
தொழில்நுட்பத்தின் இடம் குறித்து உங்கள் பார்வை என்ன?
ஐந்து வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
நான்கு நாளாக அதைத் தாண்டிக் குதித்து
எட்டாவது கேள்விக்குப் போய்விடுகிறேன்.
எட்டாவது சுலபம். பள்ளியின் முகவரி.

நாரினில் இது பிப்ரவரி.
நிலக்கரி அடுப்பை மூட்டிவிட்டுக்
காவலாளி தூங்கப் போகிறார்.
பத்து மணிவரை குழந்தைகள் கையுறையைக் கழற்றுவதில்லை.
கையுறை தொட்டால் திரை அசையாது.
ஆகவே எங்கள் டிஜிட்டல் கல்வி
பத்து மணிக்குத்தான் விடிகிறது.

இருபத்திரண்டு பேருக்குப் பதினான்கு டேப்லெட்.
பகிர்ந்துகொள்ளுங்கள் என்றேன்.
பெகாயிம் பகிர்ந்துகொண்டாள்:
அவள் தொடுவாள், பக்கத்தில் இருப்பவன் பார்ப்பான்.
விரிவுரையில் நான் அடிக்கோடிட்ட "சமவாய்ப்பு"
அந்த இருவருக்கும் நடுவில்
எங்கே உட்காரும் என்று தெரியவில்லை.

எர்மெக் பேசமாட்டான்.
வருகைப் பதிவின்போது வரும் ஒற்றை "இருக்கேன்"தான்
செப்டம்பரிலிருந்து அவன் குரல்,
அதுவும் பாதி நாள் இருமலோடு.

குளிர்காலத்தில் நீ கண்டதை
ஒரு வரியில் எழுது என்றேன்.
பெயரில்லாமல் பெரிய திரையில்
ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.
பனி. பனி. குதிரைக்கு மீசையில் பனி.
வீட்டில் மின்சாரம் இல்லை.
பனி.
பிறகு இது:
அப்பா போனார். கை உறைந்துவிட்டது. அதன்மேல் நடந்தேன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது.
யார் கை? யார் கைமேல் யார் நடந்தது?

கிர்கிஸ் மொழியில் கைக்கும் ஏரிக்கும்
ஒரு கோட்டுத் தூரம்.
வட்ட எழுத்தின் வயிற்றில் குறுக்குக் கோடு விழுந்தால் ஏரி,
விழாவிட்டால் கை.
டேப்லெட்டில் இருப்பதோ ருஷ்ய விசைப்பலகை.
அதில் அந்தக் கோடு கிடையாது.
கிடைத்த வட்டத்தை வைத்து எழுதியிருக்கிறது பிள்ளை.

செயலி பச்சையில் "சரி" போட்டது.
எழுத்துப்பிழை இல்லை.
கை உறையலாம்,
உறைந்த கைமேல் ஒருவன் நடக்கலாமா என்பது
அதன் கவலை அல்ல.

இருபத்தோரு தலைகள் திரும்பித் திரும்பித் தேடின.
ஜன்னலோரம் இரண்டு காதுகள் சிவந்திருந்ததை
நான் மட்டும் பார்த்தேன்.
திரை அவன் பெயரைச் சொல்லவில்லை.
இதை அதன் கணக்கில் வரவு வைக்கிறேன்.

அமைப்புகளுக்குள் போனேன். கடவுச்சொல் கேட்டது.
கடவுச்சொல் பிஷ்கெக்கில் இருக்கிறது;
பிஷ்கெக் செவ்வாய்க்கிழமை மட்டும் தொலைபேசி எடுக்கும்.
இன்று வியாழன்.

திரையருகே போய்
அந்த வட்டத்தின் குறுக்கே விரலை இழுத்தேன்.
கொஞ்சம் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு.
ஏரி.
சிரிப்பு உடனே நிற்கவில்லை,
பின்வரிசையில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"எந்த ஏரி, எஜே?" பெகாயிம் கேட்டாள்.
எனக்குத் தெரியாது என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.
காத்திருந்தேன்,
பாடத்திட்டத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்காத அளவு நேரம்.
நிலக்கரி ஒருமுறை சரிந்தது.
வாய் திறப்பான் என்று நினைத்தேன்.
திறக்கவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது:
மேலே இருக்கும் தண்ணீர்.

கோடு தேவைப்படாத சொல்லாகப் பார்த்து
பொறுக்கி எடுத்திருந்தான்.
ஒன்பது வயதில்
இல்லாத எழுத்தைச் சுற்றி நடக்கும் வழி
அவனுக்குத் தெரிந்துவிட்டது.
பெருமைப்படுவதா என்று யோசித்தேன்.
பெருமையாகத்தான் இருந்தது.
கோபமாகவும் இருந்தது.

இரவு, விடுதியில், ஏழாவது கேள்விக்கு எழுதியது:
எங்கள் விசைப்பலகையில் மூன்று எழுத்துகள் குறைகின்றன.
தயவுசெய்து அனுப்பிவைக்கவும்.
எட்டு டேப்லெட்டும்.

இன்னும் இரண்டு வரி காலியாக இருக்கிறது.